ஏழு முப்பது

அவரைச் செவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள் அக்கா.

மன்னித்துக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொல்லிவிட்டேனா? இல்லையா? அதுதானே, எனக்குச் சத்தமாக வராது. நீங்கள் யாரோ, நான் யாரோ. மடியில் இவ்வளவு கனமான தையல் மெஷின் தலையை வைத்துக்கொண்டும் ஒதுங்கி எனக்கு இடம் கொடுத்தீர்கள். பஸ்ஸில் நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. இறங்கவேண்டிய இடம் வந்தால்கூட 'நிறுத்துங்க' என்று கத்த மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கினால் அவர்களோடு சேர்ந்து இறங்கி, வந்த வழியே நடந்து போவேன். சிரிக்காதீர்கள், உண்மைதான். போன மாதம்கூட இரண்டு வளைவு நடந்தேன்.

நீங்கள்தான் கேட்டீர்கள், 'மேல அந்த உருண்டைக் கட்டடத்துலயா வேல பாக்குறீங்க?' என்று. நான் தலையை ஆட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். 'எங்க ஊரு சென்றாயன அங்கருந்து எறக்கிட்டாங்களாமே, காது அவிஞ்சுபோச்சுன்னு. இப்ப பம்ப் ரூம்ல மோட்டார் போடறாராம். புள்ளைங்கல்லாம் செவிட்டுச் சென்றாயன்னு கூப்புடுதுங்க' என்றீர்கள்.

பிள்ளைகளா அப்படிக் கூப்பிடுகிறார்கள்? அவர் காதுபடவா?

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் அக்கா. எனக்குத் தெரியும்.

மழை பக்கத்து மலையில் இறங்கும்போதே அவருக்குக் கேட்டுவிடும். 'மேடம், கூரைய மூடிடறேன், சத்தம் வருது' என்பார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒன்றும் கேட்காது. வானம் முழுக்க நட்சத்திரம் இருக்கும். இந்த ஆள் நேரத்தைக் கெடுக்கிறாரே என்று உள்ளுக்குள் எரிச்சல் வரும். பத்து நிமிடத்தில் தகரத்தில் சடசடவென்று விழும். தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரத்தில் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று சொல்லுவார். பத்தொன்பது வருடம் அந்த உருண்டைக் கூரைக்குக் கீழே, டோமுக்குள் இருந்தவர். அவருக்கா காது?

அப்புறம் எதற்கு இறக்கினார்கள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். இன்னும் ஒன்பது வளைவு இருக்கிறது. யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டால் நல்லது என்று காலையிலிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது.

நான் சாத்தூர்க்காரி. பெயர் இசக்கிசெல்வி. மேலே மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். எங்கள் அப்பா கம்பி மத்தாப்புப் பட்டறையில் இருந்தவர். கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் கம்பி கொஞ்ச நேரம் சிவப்பாக இருக்கும் இல்லையா? அப்புறம் பழுப்பாகி, அப்புறம் கறுத்துவிடும். நான் தேடுவது அந்தச் சிவப்பைத்தான். வானத்தில் எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிக்கிறது. நேற்று இல்லை அக்கா, இந்தப் பூமி உண்டாவதற்கும் முன்னால். அந்த வெளிச்சம் அப்போது கிளம்பி இன்றைக்குத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. வந்ததும் சில நொடி பளிச்சென்று அடிக்கும். அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. மேலே சுற்றும் செயற்கைக்கோள் அதைப் பார்த்துவிட்டு, 'இன்ன இடத்தில் வெடித்திருக்கிறது, ஓடிப் பாருங்கள்' என்று உலகத்தில் உள்ள தொலைநோக்கிக்காரர்கள் எல்லோருக்கும் தகவல் அனுப்பும். நாங்கள் அந்த இடத்தைப் பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்புவோம். மத்தாப்பு முடிந்திருக்கும். கம்பி மட்டும் சிவந்திருக்கும். மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகும். அது எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று அளந்தால்தான் என்ன வெடித்தது, எப்படி வெடித்தது என்று தெரியும். மறுநாள் போனால் ஒன்றும் இருக்காது. திரும்ப வராது. ஒரே தடவைதான்.

வானத்திலும் வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. அந்த எண்களைக் கீழே கண்ட்ரோல் ரூமிலிருந்து நான் இண்டர்காமில் சொல்லவேண்டும். மேலே டோமில் சென்றாயன் சார் அதைத் தட்டித் தொலைநோக்கியைத் திருப்புவார்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த எண்ணைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லுவார். நாம் 'ஆமா' என்ற பிறகுதான் தட்டுவார். வந்த புதிதில் எனக்கு அது பிடிக்காது. இண்டர்காமில் பேசவே எனக்கு நாக்கு உலரும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பேசவைக்கிறாரே என்று இருக்கும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. 'ஏழரை' என்ற சொல் அவர் வாயில் வராது. ஏழரை நாட்டுச் சனியாம். வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாதாம். ஏழு முப்பது என்றுதான் சொல்லுவார். அவரைக் கேட்டுக் கேட்டு மேலே எல்லோருக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. எங்கள் மலையில் ஏழரை மணி பஸ் கிடையாது அக்கா, ஏழு முப்பது பஸ்தான். கேண்டீன்காரர்கூட அப்படித்தான் சொல்லுவார். நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை ஏழரை இன்ச், ஏழரை இன்ச் என்று சொல்லுவீர்களாக்கும்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம். பகலில் அடித்த காற்றில் இணைய இணைப்பு போயிருந்தது. போனுக்குக் குறுஞ்செய்தி மட்டும் வரும். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. வெடித்து ஆறே நிமிடம். வானம் கழுவி வைத்ததுபோல இருந்தது. அந்த நேரத்துக்கு உலகத்தில் இருட்டும் தெளிந்த வானமும் சேர்ந்து இருந்தது எங்கள் பக்கத்துக்குத்தான். மற்ற நாட்டுக்காரர்களுக்கு ஒன்று பகல், இல்லையென்றால் மேகம். நாலு மணி நேரம், அந்த இடம் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை, அது எங்களுக்கு மட்டும்தான். மூன்று வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதல் எண்ணைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ஆமா என்றேன். இரண்டாவது எண், மைனஸ் ஏழு புள்ளி மூன்று பூஜ்யம். நான் 'மைனஸ் ஏழு முப்பது' என்றேன்.

புள்ளியை விட்டுவிட்டேன் அக்கா.

புள்ளியோடு சொன்னால் அது ஏழும், நூறில் முப்பது பங்கும். புள்ளி இல்லாமல் ஏழு முப்பது என்றால் மணிக் கணக்கு மாதிரி. ஏழும், அறுபதில் முப்பதும். அதாவது ஏழரை. உங்கள் டேப்பில் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் செண்டிமீட்டர் இருக்கிறதே, ஒருத்தர் ஒரு பக்கத்தைப் பார்த்து அளவு சொல்லி, இன்னொருத்தர் மறுபக்கத்தைப் பார்த்து வெட்டினால் எப்படி இருக்கும்? அதுதான். செய்தியில் வருவது நூறு கணக்கு, டோமில் தட்டுவது அறுபது கணக்கு; முதல் எண்ணை அப்படி மாற்றிக் கொடுக்க நானே கணினியில் நிரல் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவதற்கான வரியை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

வித்தியாசம் பெரிதில்லை. முழு நிலாவின் அகலத்தில் பாதிகூட வராது. ஆனால் எங்கள் தொலைநோக்கி ஒரு தடவையில் பார்ப்பது நிலாவில் மூன்றில் ஒரு பங்கைத்தான். முழுக்க வேறு இடத்தைப் படம் எடுத்தோம். நாலு மணி நேரம். அறுபத்தோரு படம்.

அவர் திருப்பிக் கேட்கவில்லையா என்கிறீர்கள்.

கேட்டார். 'ஏழரையா மேடம்?' என்று கேட்டார்.

நான் மணி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அந்தச் சொல்லையே சொல்லாதவர் இல்லையா, அதனால் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஆமா என்றுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

கையில் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் தருகிறீர்களா? மோந்து பார்த்துக்கொள்கிறேன். இந்த வளைவுகள் இன்னும் பழகவில்லை. நன்றி அக்கா.

மறுநாள் பகல் முழுக்கப் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டவேண்டும். நட்சத்திரம் அப்படியே இருக்கும். மங்குகிற புள்ளி மட்டும் கண்ணடிப்பதுபோலத் தெரியும். நான் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒன்றும் மங்கவில்லை. எல்லாம் கல்லில் அடித்த ஆணிபோல இருந்தன. சாயங்காலம் இணைப்பு வந்தது. அந்த இடத்தின் வரைபடத்தை இறக்கி எங்கள் படத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம்கூடப் பொருந்தவில்லை. பதிவேட்டைத் திறந்தேன். மைனஸ் ஏழு, முப்பது, பூஜ்யம் என்று இருந்தது.

அன்று ராத்திரி சரியான இடத்துக்குத் திருப்பினோம். கறுப்பாக இருந்தது. கம்பி ஆறிவிட்டது.

என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் வசுமதி மேடம் ஊரிலிருந்து போன் செய்தார். அவர் குரல் எப்போதும் தணிந்துதான் இருக்கும், அதனால்தான் பயம். 'நம்பர போட்டது யாரு?' என்றார். பிறகு அவரே கேட்டார்: 'சென்றாயனா?'

'ஆமா மேடம்.'

பொய் இல்லையே அக்கா. விசையைத் தட்டியது அவர்தானே. அவர் கேட்ட கேள்விக்கு அதுதானே பதில். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மேடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் என் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. பேசாமல் இருந்திருக்கிறேன், அது வேறு.

அவருக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.' அவரே எழுதினார் அக்கா, அவர் கைப்பட. நான் என்ன செய்ய முடியும்? என்னைத் திருப்பிக் கேட்டதை அவர் மறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ எண் கேட்கிறார், எல்லாம் ஞாபகம் இருக்குமா?

என்ன? நீங்கள் அவருக்குக் காக்கிச் சட்டை தைத்தீர்களா? எப்போது? பம்ப் ரூமுக்குப் போன பிறகா?

அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு அளவு சொன்னீர்களா? மெதுவாகவா? உங்கள் பெண் எழுதிக்கொண்டாளா? அவர் ஒவ்வொரு அளவையும் திருப்பிச் சொன்னாராக்கும்.

ஆமாம். அப்படித்தான். தோள் பதினெட்டு என்றால் பதினெட்டு என்பார். அவர் அப்படித்தான்.

அந்த ஒரு வரியால்தான் எல்லாம் வந்தது. காது கேட்காத ஆளை டோமில் வைக்கலாமா என்று கேட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காதைச் சோதித்தார்கள். அங்கே டாக்டர், 'இந்த வயசுல இப்படி ஒரு காதா' என்று எழுதாத குறையாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். உடனே, காது நன்றாக இருக்கிறது என்றால் அது கவனக்குறைவு, இன்னும் மோசம் என்றார்கள். காது கேட்காவிட்டாலும் குற்றம், கேட்டாலும் குற்றம். விசாரணை முடியும்வரை பம்ப் ரூம். இன்றைக்குப் பதினோரு மணிக்குக் குழு கூடுகிறது. திரும்ப டோமுக்கா, இல்லை ஓய்வு பெறும்வரை மோட்டார் போடுவதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

நான் அவரிடம் பேசாமல் இல்லை. நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கிறீர்கள். ஒரு நாள் வேண்டுமென்றே பம்ப் ரூம் வழியாகப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று 'வணக்கம் மேடம்' என்றார். நான் குனிந்துகொண்டே, 'மன்னிச்சிருங்க சார்' என்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர், 'காதுல விழலைங்க மேடம்' என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது, பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை நிஜமாகவே காது போய்விட்டதோ, மோட்டார் சத்தத்தில் இருந்து இருந்து...

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவர் சிரித்தாரா என்றா கேட்கிறீர்கள்? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்திருந்தேன் என்றேனே.

இல்லை. இருங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள்? மணி எத்தனை இருக்கும் அப்போது என்றா? எப்போது, அவர் ஏழரையா என்று கேட்டபோதா?

எட்டு நாற்பது.

சுவரில் பெரிய கடிகாரம், சிவப்பு எழுத்தில் ஓடும். நான் அதைப் பார்த்துத்தான் குறிப்பேட்டில் நேரம் எழுதினேன். எட்டு நாற்பது என்று நானே எழுதியிருக்கிறேன். எட்டு நாற்பதுக்கு யாரும் ஏழரையா மணி என்று கேட்க மாட்டார்கள்.

மணி கேட்கிறார் என்று நான் நினைக்கவில்லை அக்கா. அது பிற்பாடு நானாகக் கோத்தது. பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் நடந்ததுபோலவே ஆகிவிட்டது.

நடந்தது இது. அறையில் ஆல்வின் என்று இன்னொரு மாணவன் இருந்தான். எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன். மூன்று வருடத்தில் அவனிடம் நான் பத்து வார்த்தை பேசியிருப்பேன். நான் எண்ணைச் சொன்னதும் மேலே சென்றாயன் சார் இண்டர்காம் பொத்தானை அழுத்துவது கேட்டது. பிறகு, அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்ததோ, இழுத்து, 'ஏ... ழரையா மேடம்?' என்று கேட்டார். ஆல்வின் நாற்காலியிலிருந்து குதித்தான். 'ஏய், சென்றாயனே சொல்லிட்டாருடா! வாயத் தொறந்து சொல்லிட்டாரு!' என்று கையைத் தட்டினான். 'சொல்லு செல்வி, ஏழரையேதான், வீடு தேடி வந்திருக்குன்னு சொல்லு!'

எனக்கும் சிரிப்பு வந்தது. பரபரப்பு, சந்தோஷம், எல்லாம் சேர்ந்து. என்னை யாரும் அதுவரை ஒரு கேலியில் சேர்த்துக்கொண்டதில்லை. நான் பொத்தானை அழுத்தி, 'ஆமா சார், ஏழரையேதான்!' என்றேன். சத்தமாகச் சொன்னேன். அந்த அறையில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். ஆல்வின் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

மேலே அவர் சிரிக்கவில்லை. 'சரிங்க மேடம்' என்றார். விசை தட்டுகிற சத்தம் கேட்டது.

யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வருடமாக அந்தச் சொல்லை வாயில் எடுக்காதவர். எனக்காக எடுத்தார். எண் தப்பாகிவிடக்கூடாதே என்று. நான் ஏழு முப்பது என்றது ஏழு புள்ளி மூன்று பூஜ்யமா, இல்லை அவர் மனதுக்காக நானும் ஏழரையைத் தவிர்த்துச் சொன்னதா என்று சந்தேகப்பட்டு, உறுதி செய்துகொள்ள, அந்தச் சொல்லையே உடைத்துக் கேட்டார். அவர் செய்யவேண்டியதற்கு மேலேயே செய்தார்.

நான் சிரித்தேன்.

ஆல்வினா? அவன் வெளிநாடு போய்விட்டான். 'விடு செல்வி, அவருக்கு என்ன, சம்பளம் அதேதானே வருது' என்று செய்தி அனுப்பினான்.

ஆ, நீங்கள் இப்போது கேட்டீர்களே, 'அளவு சொன்னவ தப்பா, வெட்டுனவ தப்பா?' என்று. உங்கள் கடையில் அப்படிப் பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள்?

அளவு சொன்னவள்தான் துணிக்குப் பதில் சொல்லவேண்டுமா. வெட்டினவள் திருப்பிக் கேட்டிருந்தால்.

சரிதான்.

அக்கா, இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொன்னதற்கே அர்த்தம் இல்லை. அவர் மறந்திருப்பார் என்றேன் இல்லையா? அவர் மறக்கவில்லை. மெமோ வந்த அன்று மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார். கையில் அந்தத் தாள். உள்ளே வரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

'மேடம், அன்னிக்கு நான் உங்கள ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டேன். நீங்க பதில் சொன்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?'

திருப்பிக் கேட்டார் அக்கா. அவர் பழக்கம் அது. எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்ள வந்திருந்தார்.

'சரியா ஞாபகம் இல்ல சார்' என்றேன்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். 'சரிங்க மேடம். அப்ப காதுல விழலைன்னு எழுதிடறேன்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எண் திருப்பிச் சொல்லுவாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். நான் ஆமா என்றால் தட்டலாம் என்பதுபோல எனக்காகக் காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

பொய்யே சொன்னதில்லை என்று கொஞ்சம் முன்னால் உங்களிடம் சொன்னேன்.

பூமி உண்டாவதற்கு முன்னால் கிளம்பி வந்த வெளிச்சம் என்றேனே, அது போனதற்கு நான் அழுதேன். மூன்று நாள் அழுதேன். எங்கள் அம்மாகூட ஊரிலிருந்து வந்துவிட்டாள். இவர் வாசலிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனதற்கு நான் அழவில்லை. எனக்கு இப்போது அதுதான் கேவலமாக இருக்கிறது. ஒரு புள்ளி நூறில் ஒரு பங்கு மங்கினால்கூடக் கண்டுபிடிக்கிற கண் இது என்று வசுமதி மேடம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார்.

இதோ, பையில் ஒரு தாள் இருக்கிறது. பாருங்கள். ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். 'எண்களை நான் சரியாகத் தெரிவித்தேன்.' அவ்வளவுதான், ஒரு வரி. கீழே என் பெயர் அடித்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போடவேண்டும். 'குழு கேட்டா குடுத்துடு, ஒனக்கு இதுல ஒண்ணும் வராது' என்று மேடம் அனுப்பினார். மேடத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். அல்லது... எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தை நேற்றே போட்டு வைத்திருக்கவேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். காலையில் ஏழு முப்பது பஸ்ஸுக்குக் கீழே போய் நகல் எடுத்துக்கொண்டு திரும்புகிறேன். எதற்கு நகல் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. எங்கேயாவது போகவேண்டும்போல இருந்தது.

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காமல் கேட்கிறீர்கள்.

குழுவில் ஆறு பேர். நீள மேஜை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் எனக்குக் குரலே வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரிந்த விடையைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்தவள் நான். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அக்கா, நீங்கள் அவர் ஊர்தானே. நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், நீங்கள் அவரிடம் கொடுத்து... 

இல்லையா. வேண்டாமா.

சரி. நீங்கள் சொல்வது சரி. உங்கள் மடியில் ஏற்கனவே இவ்வளவு கனம் இருக்கிறது.

அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். நீங்கள் குழுக்காரர் மாதிரி என்னைக் கேளுங்கள். நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். 'ஏம்மா, சென்றாயன் உன்னைத் திருப்பிக் கேட்டாரா?' அப்படிக் கேளுங்கள்.

ஆமா.

கேட்கவில்லையா? பஸ் சத்தம். ஆமா அக்கா. ஆமா என்றுதான் சொன்னேன்.

இன்னும் கேட்கவில்லையா? உங்கள் காதுக்குப் பக்கத்தில்தானே சொன்னேன். நீங்களும் காதில் விழவில்லை என்கிறீர்கள்.

...ஓ.

அன்றைக்குப் பம்ப் ரூமில் அவருக்குக் கேட்டிருக்கிறது. அப்படித்தானே? கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

அதற்குள் உங்கள் கூட்ரோடு வந்துவிட்டதே. இருங்கள், மெஷினை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் முதலில் இறங்குங்கள். மெதுவாக. கண்டக்டர் அண்ணா, அதை வாங்கிக் கொடுங்கள். பார்த்து அக்கா, படியில் ஈரம். பழத்தை வைத்துக்கொள்ளட்டுமா? சரி.

என்ன? ஜன்னலைத் திறந்துவிட்டேன், சொல்லுங்கள்.

என்ன கேட்கிறீர்கள் அங்கே நின்றுகொண்டு, அந்தக் குழுக்காரர் கேள்வியையா? காதில் கையை வைத்துக்கொண்டு... அக்கா, வேண்டாம் அக்கா, எல்லோரும் பார்க்கிறார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் டீக்கடையிலிருந்து பார்க்கிறார்கள். அவரை அப்படிக் கூப்பிடுகிற பிள்ளைகள்தானே அங்கே...

கண்டக்டர் அண்ணா, ஒரு நிமிஷம், விசில் அடிக்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம்.

ஆமா! ஆமா அக்கா! அவர் கேட்டார்! சென்றாயன் சார் என்னைச் சரியாகத்தான் கேட்டார்! தப்பாச் சொன்னது நான்! அவருக்கு நல்லாக் காது கேக்கும்! நான்தான் சொன்னேன், நான்தான்!

கேட்டுச்சா அக்கா?